கேமரா எத்தனை நாள் தங்கியது? – ஆவணப்படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆவணப்படங்கள் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் பல, 'எந்தப் படத்தைப் பார்க்கலாம்?' என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்களாக இருந்தன. அவற்றைச் சேர்த்துச் சில கேள்விகளாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊர்த் திரையரங்கில் படம் தொடங்குமுன் ஓட்டப்பட்ட அரசாங்கச் செய்திப்படங்களே நான் அறிந்த ஆவணப்படங்கள். அவை முடிந்த பிறகு உள்ளே போனால் போதும் என்று வெளியிலேயே நிற்போம். இப்போது நேரம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? – ஒரு வாசகர், திருவாரூர்

நீங்கள் வெளியில் நின்றதில் பிழை இல்லை. 1948-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகத் திரையிட வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அணை திறப்பும் அமைச்சர் வருகையும் ஒரே கனத்த குரலின் வர்ணனையில் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் சலிப்புத்தான் வரும். ஆனால் அதே அலுவலகத்துக்குள் இருந்துகொண்டே எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-இல் 'ஐ ஆம் 20' என்ற குறும்படத்தை எடுத்தார். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்து, அப்போது இருபது வயதை எட்டியிருந்த இளைஞர்களைத் தேடிச் சென்று, இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்ட படம் அது. வேலை கிடைக்குமா என்ற அச்சமும், பெருமிதமும், எரிச்சலும், நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அந்த முகங்களில் மாறி மாறி வருகின்றன. உங்கள் தலைமுறைக்குச் சற்றே மூத்தவர்களாகவோ ஒத்த வயதினராகவோ அவர்கள் இருக்கக்கூடும் என்பதால் அதை முதலில் பாருங்கள். இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

அதற்கு அடுத்து, 2019-இல் வெளிவந்த 'ஹனிலேண்ட்'. வட மாசிடோனியாவில், மின்சாரமும் அண்டை அயலாரும் இல்லாமல் போன ஒரு மலைக்கிராமத்தில், பார்வை மங்கிய வயோதிகத் தாயுடன் வாழும் ஹதீஜே என்ற பெண்ணைப் பற்றிய படம். பாறை இடுக்குகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் அவர் தேனீ வளர்க்கிறார். அடையை எடுக்கும்போதெல்லாம் பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்று தேனீக்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார். பிறகு, பிள்ளைகளும் மாடுகளுமாக ஒரு பெரிய குடும்பம் பக்கத்தில் வந்து தங்குகிறது. அவர்களும் தேனீ வளர்க்கத் தொடங்குகிறார்கள். வியாபாரி வந்து அதிகத் தேன் கேட்டு நெருக்குகிறான். பாதிக்குப் பாதி என்ற கணக்கு முறிகிறது. இப்படிச் சொன்னால் நீதிக்கதை போலத் தோன்றலாம். படத்தில் அப்படி இல்லை. புதிதாக வந்த அந்தத் தகப்பனுக்கும் ஏழெட்டு வயிறுகளுக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது என்பதை இயக்குநர்கள் தமாரா கோதெவ்ஸ்காவும் லியுபோமிர் ஸ்தெஃபானோவும் ஒரு கணமும் மறக்கவில்லை.

இந்தப் படத்தை எடுத்தவர்கள் மூன்று ஆண்டுகள் அங்கே போய்வந்து ஏறத்தாழ 400 மணி நேரக் காட்சிகளைப் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாக நம்முன் வருவது அதிலிருந்து வடிகட்டியது. நல்ல ஆவணப்படத்தை அடையாளம் காண என்ன வழி என்று கேட்டால், எடுத்தவர் அந்த மனிதர்களோடு எத்தனை நாள் தங்கினார் என்பதைப் பாருங்கள் என்றே எப்போதும் சொல்லி வருகிறேன். தங்கிய நாள்களின் எண்ணிக்கை வெளியே சொல்லப்படாவிட்டாலும், கேமராவின் முன்னே இருப்பவர் அதை மறந்து இருமுவதிலும் சலித்துக்கொள்வதிலும் தாய்க்குத் தலை வாருவதிலும் அது தெரிந்துவிடும்.

கேள்வி: ஆவணப்படம் என்றால் உள்ளது உள்ளபடி என்று நம்பியிருந்தேன். உலகின் முதல் பெரிய ஆவணப்படமே நடிக்கவைத்து எடுக்கப்பட்டது என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? அப்படியானால் அதை ஏன் பார்க்க வேண்டும்? – ஒரு வாசகி, நாகர்கோவில்

நண்பர் சொன்னது பெரும்பாலும் உண்மை. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி 1922-இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் த நார்த்', கனடாவின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றிய படம். நானூக் என்று நமக்குக் காட்டப்படுபவரின் பெயர் அலகாரியாலக். அவருடைய மனைவியராகத் தோன்றும் பெண்கள் உண்மையில் அவருடைய மனைவியர் அல்லர். அந்தக் காலத்தில் இனூயிட் வேடர்கள் துப்பாக்கியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டிருந்தார்கள். ஃப்ளாஹர்ட்டியோ பழைய முறைப்படி எறியீட்டியால் வேட்டையாடச் சொல்லிப் படம் எடுத்தார். பனிக்கட்டி வீட்டுக்குள் கேமராவுக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்காததால், வழக்கத்தைவிடப் பெரிய வீடு ஒன்றைக் கட்டி, அதன் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். அந்தக் குளிரில் குடும்பம் உறங்கி எழுவதுபோல் நடித்தது.

இத்தனையும் தெரிந்த பிறகும் அதைப் பார்க்கச் சொல்கிறேன். அந்தப் பனிக்கட்டியைக் கத்தியால் அறுத்து, வளைவாக அடுக்கி, தெளிந்த பனிக்கட்டித் துண்டு ஒன்றைச் சன்னலாகப் பொருத்தும் கைகள் பொய் சொல்லவில்லை. அலகாரியாலக்கும் அவருடைய கூட்டத்தாரும் வெறும் நடிகர்களாக நின்றுவிடாமல், எதை எப்படி எடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்களாகவும் கருவிகளைப் பழுது பார்ப்பவர்களாகவும் உடன் உழைத்தார்கள். பெயரையும் உறவையும் ஆயுதத்தையும் மாற்றிவிட்டு, அதைப் பார்வையாளருக்குச் சொல்லாமல் விட்டதுதான் குறை. அந்தக் குறையைச் சேர்த்தே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

மன்னிக்க முடியாதது வேறொன்று இருக்கிறது. டிஸ்னி நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 'ஒயிட் வைல்டர்னஸ்' என்ற படம், லெம்மிங் எனப்படும் எலி போன்ற சிறு விலங்குகள் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து நீரில் குதித்து மாய்ந்துபோவதாகக் காட்டியது. அந்த விலங்குகள் அப்படிச் செய்வதில்லை. அவற்றை விலைக்கு வாங்கி, லெம்மிங்குகளே வாழாத ஆல்பெர்ட்டா மாகாணத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பிலிருந்து தள்ளிவிட்டுப் படமெடுத்தார்கள் என்பது பின்னாளில் கனடாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் வெளிப்பட்டது. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்திருந்தது. ஃப்ளாஹர்ட்டி மறைந்துகொண்டிருந்த வாழ்க்கையை மீண்டும் நடத்திக் காட்டினார். இவர்களோ இல்லாத ஒன்றை உண்டாக்கி, அதற்காக உயிர்களைக் கொன்றார்கள். இரண்டையும் 'நடிக்கவைத்தது' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாகாது.

கேள்வி: ஒரு ஆவணப்படத்தால் உலகில் எதையாவது மாற்ற முடிந்திருக்கிறதா? – ஒரு கல்லூரி மாணவர், சேலம்

பெரும்பாலும் முடிவதில்லை. ஆனால் ஒருவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்த படம் ஒன்று இருக்கிறது.

1976-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் போலீஸ்காரர் ஒருவர் இரவில் காரை நிறுத்திச் சோதிக்கப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு அதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. எரால் மாரிஸ் என்ற இயக்குநர் அந்த வழக்கைத் தேடிப் போகவில்லை. மரண தண்டனை வழக்குகளில் அரசுத் தரப்பில் தொடர்ந்து சாட்சியம் சொல்லிவந்த மனநல மருத்துவர் ஒருவரைப் பற்றிப் படமெடுக்கப் போனவர், அந்த மருத்துவரின் சாட்சியத்தால் தண்டனை பெற்ற கைதிகளைச் சந்தித்தபோது ஆடம்ஸைக் கண்டார். மாரிஸ் முன்பு தனியார் துப்பறிவாளராகவும் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. 1988-இல் வெளிவந்த 'த தின் ப்ளூ லைன்' படத்தில், சாட்சிகள் ஒவ்வொருவரும் தங்களை அறியாமலேயே தங்கள் சாட்சியத்தைக் குலைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே மாரிஸ் மீண்டும் நடித்துக் காட்டுகிறார்: அதே சாலை, அதே கார், அதே துப்பாக்கிச் சூடு. ஆனால் சொல்பவர் மாறும்போது காட்சியும் மாறுகிறது. நடித்துக் காட்டும் உத்தி இங்கே பொய்யை மெய்யாக்கப் பயன்படாமல், சாட்சியங்களுக்கு இடையே உள்ள முரணைக் கண்ணால் காணும்படி செய்கிறது. நாகர்கோவில் வாசகியும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசிச் சந்திப்பின்போது கேமரா பழுதாகிவிட்டது. ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்ன டேவிட் ஹாரிஸ், ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று ஏறக்குறைய ஒப்புக்கொள்ளும் அந்த உரையாடல் ஒலிநாடாவில் மட்டுமே பதிவாகியிருக்கிறது. திரையில் நாம் காண்பது ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி மட்டுமே. நான் பார்த்த படங்களின் முடிவுகளில் இதைப்போல என்னை உறையவைத்தது வேறில்லை. படம் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1989-இல், ஆடம்ஸ் விடுதலையானார். சிறையில் அவர் பன்னிரண்டு ஆண்டுகளை இழந்திருந்தார்.

கேள்வி: இந்திய அரசியலைப் பேசும் ஆவணப்படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டுமானால்? – ஒரு வாசகர், மதுரை

ஆனந்த் பட்வர்த்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்'. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் என்பதால் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1997 ஜூலையில், மும்பையின் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது போலீஸார் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். சில நாள்களில், விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர் துயரம் தாளாமல் தூக்கிட்டுக்கொண்டார். பட்வர்த்தனுக்கு அவர் அயலார் அல்லர். குடிசைவாசிகள் வெளியேற்றப்படுவதைப் பற்றிப் பட்வர்த்தன் 1985-இல் எடுத்த 'பாம்பே: அவர் சிட்டி' படத்தில் ஒற்றைத் தந்திக் கருவியை மீட்டிப் பாடியவர். தன் நண்பர் ஏன் இறந்தார் என்று கேட்கத் தொடங்கிய இயக்குநர், பதினான்கு ஆண்டுகள் அந்தக் கேள்வியோடு நடந்தார். வழக்கு நத்தைபோல் நகர்கிறது. அரசியல் கட்சிகள் கூட்டணி மாறுகின்றன. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் வளர்ந்து பாடத் தொடங்குகிறார்கள். இவை அனைத்தையும் பாட்டுகள் கோத்துச் செல்கின்றன: தெருமுனைகளிலும், சால் எனப்படும் மும்பைத் தொழிலாளர் குடியிருப்புகளின் முற்றங்களிலும் கூட்டம் கூட்டமாகப் பாடப்படும் மராத்தியப் பாடல்கள். ஒரு சமூகம் தன் வரலாற்றை எழுதிவைக்க வாய்ப்பின்றிப் பாடிவைத்திருக்கிறது என்பதை நம் ஊரின் பாட்டு மரபுகளை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதே இயக்குநரின் 'ராம் கே நாம்' படத்தையும் விட்டுவிடாதீர்கள். பாபர் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்ட படம் அது. தேசிய விருது பெற்ற பிறகும் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்ததால், நீதிமன்றம் வரை சென்றுதான் அவர் அதை மக்களிடம் கொண்டுசேர்க்க முடிந்தது. அதில், அயோத்தியில் நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டிருந்த அர்ச்சகர் லால்தாஸ் அமைதியாக அமர்ந்து, ராமர் கோயில் இயக்கம் ஓட்டுக்கும் பணத்துக்குமானது என்ற பொருள்படப் பேசுகிறார். 1993-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை அறிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பது எளிதன்று.

கேள்வி: யூத இன அழிப்பைப் பற்றி ஒன்பது மணி நேரப் படம் ஒன்று இருக்கிறதாமே? அதைப் பார்த்தே ஆக வேண்டுமா? – ஒரு வாசகி, திருச்சி

க்ளோத் லான்ஸ்மன் 1985-இல் வெளியிட்ட 'ஷோவா' அது. முதலில் அலென் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்' படத்தைப் பாருங்கள். 1950-களின் நடுவில் எடுக்கப்பட்டது. அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். புல் முளைத்துக் கிடக்கும் வதைமுகாம்களின் வண்ணக் காட்சிகளும் பழைய கறுப்பு வெள்ளைப் பதிவுகளும் மாறி மாறி வரும். வதைமுகாமிலிருந்து உயிர்மீண்ட ழான் கெரோல் எழுதிய வர்ணனை, குரலை உயர்த்தாமலே நம்மை நிலைகுலைக்கும்.

லான்ஸ்மன் நேரெதிரான வழியில் போனார். பழைய பதிவு ஒன்றுகூட அவர் படத்தில் இல்லை. உயிர்மீண்டவர்கள், அருகில் வாழ்ந்த கிராமத்தார், குற்றம் புரிந்தவர்கள் ஆகியோரின் முகங்களும், இன்று அமைதியாகத் தெரியும் அந்த இடங்களும் மட்டுமே இருக்கின்றன. ஒரு முடிதிருத்துநர், நச்சுவாயு அறைக்குள் பெண்களின் கூந்தலை வெட்டக் கட்டாயப்படுத்தப்பட்டதை, கையில் கத்தரிக்கோலுடன் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே சொல்லத் தொடங்கி, பேச முடியாமல் நின்றுவிடுகிறார். கேமரா விலகுவதில்லை. விலகியிருக்க வேண்டுமா என்று பல ஆண்டுகளாக யோசித்தும் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். நான்கு நாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழில், அல்லது தமிழரைப் பற்றி, சொல்லும்படியான ஆவணப்படங்கள் உண்டா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இந்தியாவிலேயே முன்னோடியான முயற்சிகளுள் ஒன்று தமிழருடையது. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எண்ணினார். அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபத்தாறு வயது. மூன்று ஆண்டுகளுக்குள் நான்கு கண்டங்களில் பயணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்காரர்கள் எடுத்துவைத்திருந்த துணுக்குகளைத் தேடித் தேடி 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். அதிலிருந்து உருவான படம் 1940-இல் தமிழில் வெளிவந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிரிட்டிஷ் ஆட்சியின் கண்முன்னே காந்தியின் படத்தை வெளியிடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! இந்தப் படவேட்டையை அவரே கட்டுரைகளாக எழுதியிருக்கிறார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் அவை நூலாகக் கிடைக்கின்றன. 1953-இல் உருவாக்கப்பட்ட ஆங்கில வடிவம் பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. முதலில் வெளிவந்த தமிழ் வடிவத்தை நாம் பாதுகாக்கத் தவறினோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா', பரதக் கலைஞர் பாலசரசுவதியைப் பற்றியது. தமிழ்நாட்டு அரசும் அதன் தயாரிப்பில் பங்கேற்றது. அப்போது பாலாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலுக்கு அவர் அபிநயம் பிடிக்கும் காட்சியில் காற்று சேலையைப் படபடக்கச் செய்கிறது. அந்த இடத் தேர்வு எனக்கு உவப்பானதன்று, அவருடைய கண்களுக்கு அலைகளின் துணை தேவையில்லை. ஆயினும் அந்தக் கண்களையும் விரல்களையும் காண்பதற்கு நமக்கு இருப்பது இதைப் போன்ற மிகச் சில பதிவுகளே.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017-இல் வந்தது. மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்ட பிறகும், தமிழகத்து ஊர்களில் அது எப்படி நடக்கிறது என்பதை அந்தத் தொழிலாளர்களின் வாய்மொழியிலேயே பதிவு செய்த படம். திரையிடல்கள் தடுக்கப்பட்டதால் யூடியூபில் வெளியிடப்பட்டது. சாப்பாட்டு நேரத்தில் பார்க்க முடியாத படம் என்று சிலர் குறையாகச் சொன்னார்கள். அந்த மனிதர்களும் சாப்பிட்டாக வேண்டியவர்கள்தாம் என்பதையே படம் சொல்கிறது. புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு இயங்கும் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றித் தீபா தன்ராஜ் 2011-இல் எடுத்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' படமும் பார்க்க வேண்டியது: மணவிலக்கு, கொடுமை, சந்தேக மரணம் என்று வரும் வழக்குகளைப் பெண்களே அமர்ந்து விசாரிக்கும் அந்தக் கூட்டங்களின் தமிழ், எந்த வசனகர்த்தாவாலும் எழுத இயலாதது. இசையில் நாட்டமுள்ளவர்கள், அம்ஷன் குமார் யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சிணாமூர்த்தியைப் பற்றி எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள்.

முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமின் பொம்மனையும் பெள்ளியையும் பற்றிய 'த எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் பெற்றதால் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளோடு பார்க்க ஏற்ற, அன்பான படம். காட்டில் வாழ்பவர்களின் உரிமைகளைப் பற்றி அது இன்னும் சற்றுப் பேசியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

கேள்வி: என் தந்தை காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர். அடுத்த ஆண்டு தறியை நிறுத்திவிடப்போவதாகச் சொல்கிறார். என்னிடம் கைப்பேசி மட்டும் இருக்கிறது. அவரைப் பற்றிப் படமெடுக்க விரும்புகிறேன். அதற்குமுன் எதைப் பார்க்க வேண்டும்? – ஒரு வாசகி, காஞ்சிபுரம்

சத்யஜித் ராயின் 'த இன்னர் ஐ' படத்தை இரண்டு முறை பாருங்கள். 1972-இல் எடுக்கப்பட்ட இருபது நிமிடப் படம். பார்வையை முற்றிலும் இழந்த பிறகும் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி காகிதத்தைத் தடவி, மடித்து, வெட்டி உருவங்கள் செய்வதை அதில் காணலாம். ராய் சாந்திநிகேதனில் அவரிடம் பயின்றவர். ஆசிரியரைப் பரிதாபத்துக்குரியவராக்காமல், வேலையில் மூழ்கிய ஒருவராகக் காட்டியிருக்கிறார். கைகளை எவ்வளவு அருகில் சென்று, எவ்வளவு நேரம் காட்டுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'ஹனிலேண்ட்'.

பார்த்து முடித்ததும் உடனே தொடங்கிவிடுங்கள். ஓராண்டு என்பது குறைந்த காலம். முதல் சில வாரங்கள் கைப்பேசியைத் தறிக்கு அருகில் வைத்துவிட்டு ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். நாடா போய்வரும் சத்தத்துக்கு இடையில் அவர் தானாகப் பேசுவதைக் கேள்வி கேட்டுப் பெற முடியாது. தெருவில் பாவு விரித்து நூலைச் சீர்செய்யும் விடியற்காலையையும், புதுப் பாவின் இழைகளைப் பழையதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும் நாளையும், கூலிக் கணக்குப் பார்க்கும் மாலையையும் தவறவிடாதீர்கள். உங்கள் தாயாரோ மற்றவர்களோ ஜரிகை சுற்றுவது, இழை எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகளைச் செய்கிறார்கள் என்றால் அவர்களையும் அதே அளவு நேரம் எடுங்கள். நெசவு பற்றிய படங்களில் அவர்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எடுத்தவற்றை அன்றன்றே இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லும் நாளில் கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தறியைப் பாருங்கள்.